பார்ப்பதும் ஒரு கலையே

ஒரு மரத்தின் படம். அதன் கிளையில் ஒரு சீப்பும் இலைகளுக்கு நடுவே ஒரு மீனும் வேரோடு வேராக ஒரு கரண்டியும் ஒளிந்திருக்கின்றன. சிறுவர் இதழ்களில் இத்தகைய படப்புதிர்கள் அடிக்கடி இடம்பெறுகின்றன. உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றதும் மாணவர் பலர் இவற்றைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகின்றனர். ஆனால், எதையும் நிதானமாகப் பார்க்கும் பழக்கம் குறைந்துவரும் இக்காலத்தில், இப்புதிர்கள் எல்லா வயதினருக்கும் தேவையானவை.

படப்புதிரை வரைவது எளிய செயலன்று. பொருளை இலைக்குப் பின்னால் மூடி மறைத்தால் அது புதிராகாது; ஏமாற்று வேலையாகிவிடும். நல்ல ஓவியர் பொருளை முழுமையாகவே வரைகிறார். ஆனால், அதன் கோடுகளை ஏனைய கோடுகளோடு இணைத்துவிடுகிறார். சீப்பின் பற்கள் வேலியின் கம்பிகளாகத் தோன்றும். கவிழ்த்து வரைந்த கிண்ணம் ஒருவரின் தொப்பியாக மாறும். பொருள் கண்முன்னேதான் இருக்கிறது. பார்ப்பவரின் எதிர்பார்ப்பே அதை மறைக்கிறது.

பிரிட்டிஷ் ஓவியர் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்ட் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வாலி எங்கே?’ என்னும் நூல் வேறொரு வழியைக் கையாண்டது. சிவப்பு வெள்ளைக் கோடுபோட்ட சட்டை அணிந்த வாலி, பெருங்கூட்டத்தின் நடுவே நிற்கிறான். அதே நிறங்களை ஓவியர் பிற இடங்களிலும் தூவிவைத்துக் கண்ணைத் திசைதிருப்புகிறார். பார்வையோடு விளையாடும் இக்கலையைத் தமிழ்நாட்டுச் சிற்பிகளும் அறிந்திருந்தனர். 12ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் உள்ளது. ஒருபுற உடலை மறைத்துப் பார்த்தால் காளை தெரியும். மறுபுறத்தை மறைத்தால் யானை தெரியும்.

இப்புதிர்கள் அறிவுத்திறனைப் பன்மடங்கு பெருக்கும் என்று சிலர் கூறுவதுண்டு. அது மிகைக்கூற்று. புதிர்ப் பயிற்சியால் கணித மதிப்பெண் தானாக உயர்ந்துவிடாது. அவற்றின் உண்மையான பயன் வேறு. ‘இங்கே பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை’ என்று முடிவுசெய்த இடத்திலேயே பொருள் அகப்படும்போது, தன் பார்வையும் தவறலாம் என்பதை மாணவர் உணர்கிறார்.

இவ்வுணர்வு வல்லுநர்களுக்கும் தேவைப்படுகிறது. 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நுரையீரல் படங்களில் சிறு கட்டிகளைத் தேடும்படி மருத்துவப் படங்களை ஆராயும் வல்லுநர்கள் 24 பேரிடம் கேட்கப்பட்டது. கட்டியைவிடப் பன்மடங்கு பெரிய கொரில்லா உருவம் ஒன்றும் அப்படங்களில் சேர்க்கப்பட்டிருந்தது. 20 பேர் அதைக் கவனிக்கவே இல்லை. அவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். ஒன்றையே தேடும் கண் மற்றொன்றைத் தவறவிடும் என்பதே இதன் பாடம். வினாத்தாளில் ‘பொருந்தாதது எது?’ என்பதைப் ‘பொருந்துவது எது?’ என்று படித்துவிடும் மாணவருக்கும் இது பொருந்தும்.

ஆகவே, புதிரை எப்படிப் பயன்படுத்துவது என்பது முக்கியம். கைத்தொலைபேசிச் செயலிகள் பலவற்றில் நேரக் கணக்கு துரத்துகிறது. குறிப்பைக் கேட்டால் விடை உடனே ஒளிர்கிறது. அங்கே பொறுமைக்கு வேலையில்லை. அச்சிட்ட படத்தைக் குடும்பத்தினரோடு அமர்ந்து பார்ப்பதே சிறந்தது. “சன்னலுக்கு மேலே, இடப்பக்கம் பாருங்கள், பாட்டி!” என்று சொல்லும்போது தமிழும் இயல்பாகப் புழங்கும். பட்டியலில் உள்ளவற்றைக் கண்டுபிடித்த பிறகும் படத்தை மூடிவிடாமல், பட்டியலில் இல்லாதவற்றையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கண் இருப்பதால் மட்டும் எல்லாம் தெரிந்துவிடுவதில்லை. நிதானமாகப் பார்க்கப் பழகியவருக்கே மறைந்திருப்பவை புலப்படும்.