முன்சக்கரம் கழன்றால் யார் பொறுப்பு?

மூன்று சக்கரக் குழந்தை வண்டிக்கு முன்னால் இருப்பது ஒரே ஒரு சக்கரம். ஓட்டத்தில் அது கழன்றுவிட்டால், அதைத் தாங்கியிருந்த ஃபோர்க் நேராகத் தரையில் குத்தும். வண்டி அந்த நொடியே நின்று குப்புறச் சாயும். பெல்ட் போட்டிருந்தாலும் குழந்தையின் முகம் தரையை நோக்கிப் போகும். பின்னால் தள்ளிக்கொண்டு ஓடிவந்த தாயோ தகப்பனோ கைப்பிடிக்கு மேல் கவிழ்ந்து விழுவார்கள். அமெரிக்காவில் இப்படிக் குழந்தைகளின் பற்கள் உடைந்திருக்கின்றன, தலையில் அடிபட்டிருக்கிறது, பெரியவர்களின் எலும்பு முறிந்திருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் அந்த வண்டிகளைத் திரும்பப் பெறும்படி உத்தரவு வரவில்லை. கைக்குழந்தை இருக்கும் ஒவ்வொரு வீடும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜாகிங் ஸ்ட்ரோலர் எனப்படும் இந்த வண்டி ஓடுவதற்கென்றே பிறந்தது. 1984இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா என்ற ஊரில், பத்திரிகையில் வேலை பார்த்த ஃபில் பெய்ச்லர் என்ற ஓட்டக்காரர், தன் குழந்தையையும் ஓட்டத்துக்குக் கூட்டிப்போக விரும்பி, சைக்கிள் சக்கரம் பொருத்திய மூன்று சக்கர வண்டியை உருவாக்கினார். பேபி ஜாகர் நிறுவனம் அப்படித்தான் தொடங்கியது. காற்றடைத்த பெரிய டயரும் ஸ்பிரிங்கும் உள்ளதால் சரளைக்கல் பாதையிலும் புல்வெளியிலும் வண்டி குலுங்காமல் போகும். ஒரு கையாலேயே திருப்பலாம். அந்த வசதி உண்மையானது. அதனால்தான் ஓடாதவர்களும் இன்று அதை விரும்பி வாங்குகிறார்கள். டொரண்டோ, லண்டன், சிட்னி என்று தமிழ்க் குடும்பங்கள் வாழும் நகரங்களின் பூங்காக்களிலும் இந்த வண்டிகள் சர்வசாதாரணம்.

2018 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பிரிடாக்ஸ் நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. அந்த நிறுவனம் ‘பாப்’ என்ற பெயரில் விற்ற ஜாகிங் ஸ்ட்ரோலர்களின் முன்சக்கரம் ஓட்டத்தில் கழன்றுவிடுகிறது என்பது குற்றச்சாட்டு. 2012 முதல் சுமார் 200 புகார்கள் வந்திருந்தன. குறைந்தது 50 குழந்தைகளும் 47 பெரியவர்களும் காயப்பட்டிருந்தார்கள். விற்கப்பட்டவை ஏறத்தாழ 5 லட்சம் வண்டிகள்.

கோளாறு எங்கே என்று பார்க்க, அந்த முன்சக்கரத்தின் அருகே குனிய வேண்டும். சக்கரத்தின் நடுவே ஒரு மெல்லிய கம்பி போகிறது. அதன் ஒரு முனையில் நட்டு, மறுமுனையில் விரல் நீளத்துக்கு ஒரு லீவர். பந்தயச் சைக்கிள்களில் இருக்கும் அதே ஏற்பாடு. காரின் டிக்கியில் வண்டி அடங்க வேண்டும் என்பதற்காக, ஸ்பானர் இல்லாமலே சக்கரத்தைக் கழற்ற வைத்தது. மாட்டும்போது நட்டை அளவாக முறுக்கிவிட்டு, லீவரை உள்ளங்கையில் தடம் பதியும் அளவுக்கு அழுத்தி மறுபக்கம் மடக்க வேண்டும். அப்போதுதான் அது ஃபோர்க்கை இறுக்கிப் பிடிக்கும். லீவரை மடக்காமல் திருகாணி போலச் சுற்றி மட்டும் விட்டாலும் சக்கரம் மாட்டியது போலவே தெரியும். வீட்டு வாசலில் உருட்டிப் பார்த்தால் உருளும். சாலையில் வேகமெடுத்து ஒரு பள்ளத்தில் இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

தன் தயாரிப்பில் குறை இல்லை, லீவரைச் சரியாகப் பூட்டாததே காரணம் என்று நிறுவனம் வாதிட்டது. சைக்கிள்களில் காலம் காலமாக இருக்கும் ஏற்பாடுதானே என்றும் கேட்டது. இந்த வாதத்தை நாம் ஏற்கவில்லை. சைக்கிளில் போகிறவர் தன் உயிருக்குத் தானே பொறுப்பேற்று ஏறுகிறார். ஸ்ட்ரோலரில் உட்கார்ந்திருப்பது பேச்சு வராத பிள்ளை. அதைத் தள்ளுகிறவர் முந்தின இரவு நாலு தடவை எழுந்து பால் கொடுத்தவராகவோ, வண்டியை அன்றுதான் முதல்முறை தொடுகிற பாட்டியாகவோ, வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணாகவோ இருக்கலாம். அவர்கள் கை ஒரு தடவை தவறினால் சக்கரம் கழன்று ஓடும் என்றால், தவறு வண்டியை வடிவமைத்தவரிடம்தான் இருக்கிறது. ஒரே மாதிரிப் பிழையை இருநூறு வீடுகளில் செய்கிறார்கள் என்றால், இருநூறு பேரும் கவனக்குறைவானவர்கள் என்று சொல்வது நியாயமா?

வழக்கு நடந்து தீர்ப்பு வந்திருந்தால் இதற்கு விடை கிடைத்திருக்கும். அதற்குள் ஆணையத்தில் பெரும்பான்மை மாறியது. 2018 நவம்பரில் 3க்கு 2 என்ற வாக்கில் சமரசம் செய்துகொண்டார்கள். லீவரைப் பூட்டும் முறையை வீடியோவில் விளக்குவது, கேட்பவர்களுக்கு மாற்று அச்சு அல்லது திருத்திய லீவர் தருவது, இல்லையென்றால் புது வண்டி வாங்க 20 சதவீதத் தள்ளுபடி. அதுவும் ஓராண்டுக்கு மட்டும். ஸ்பானரால் இறுக்கும் மாற்று அச்சு கையில் இருந்தது. அதை எல்லா வண்டிக்கும் அனுப்பிவைக்கும் கடமையை நிறுவனத்தின் மேல் சுமத்தியிருக்கலாம். அதைச் செய்யாமல், தெரிந்துகொண்டு கேட்கும் வேலையைப் பெற்றோர் தலையில் கட்டினார்கள்.

காவல் நாய்க்கு அன்று பல் பிடுங்கப்பட்டது என்றால், இன்று அதன் கூண்டே காலியாகிக்கொண்டிருக்கிறது. ஐந்து பேர் இருக்க வேண்டிய அதே ஆணையத்திலிருந்து 2025 மே மாதத்தில் அதிபர் டிரம்ப் மூன்று உறுப்பினர்களை நீக்கினார். ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் நடைமுறைக்கு வர வழிவிட்டது. குழந்தைப் பொருள்களின் பாதுகாப்பில் உலகத்தின் பெரிய சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு அது. அது தளர்ந்தால் பாதிப்பு அமெரிக்காவோடு நிற்காது.

ஆபத்தான பொருள் எவ்வளவு காலம் வீடுகளில் சுற்றும் என்பதற்கு அமெரிக்கச் சட்டத்திலேயே ஒரு குழந்தையின் பெயர் சாட்சியாக இருக்கிறது. 1998 மே மாதம், சிகாகோவில் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு வீட்டில், டேனி கீசர் என்ற ஒன்றரை வயதுகூட நிரம்பாத பையன், மடக்குத் தொட்டில் கழுத்தை நெரித்து இறந்தான். அந்தத் தொட்டில் 1993லேயே திரும்பப் பெறப்பட்ட மாடல். ஐந்து ஆண்டு கழிந்தும் அது அந்த வீட்டில் இருந்தது. அங்கிருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவே இல்லை. பெற்றோர் விடாமல் போராடியதால் 2008இல் அவன் பெயரில் சட்டப்பிரிவு வந்தது. ஸ்ட்ரோலர் உட்பட்ட குழந்தைப் பொருள்களோடு பதிவு அட்டை கொடுக்க வேண்டும், பதிவு செய்தவர்களின் முகவரி நிறுவனத்திடம் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. முறையாகத் திரும்பப் பெற்ற பொருளே இப்படித் தங்கிவிடும் என்றால், வீடியோ பார்த்துத் தெரிந்துகொள்ளச் சொல்லி விட்டுவிட்ட 5 லட்சம் வண்டிகளின் கதி என்ன?

அவை கைமாறுகின்றன. ஜாகிங் ஸ்ட்ரோலர் நானூறு, ஐந்நூறு டாலர் விலை போகும் பொருள். குழந்தை வளர்ந்ததும் யாரும் தூக்கி எறிவதில்லை. பழைய பொருள் விற்கும் தளங்களில் போடுகிறார்கள், தங்கைக்குக் கொடுக்கிறார்கள், ஊருக்கு வரும்போது லக்கேஜோடு ஏற்றுகிறார்கள். இரண்டாவது கைக்குப் போகும்போது வழிகாட்டிப் புத்தகம் தொலைந்திருக்கும். பதிவு அட்டையில் முதல் உரிமையாளர் முகவரிதான் இருக்கும். நியூஜெர்சியிலிருந்து மதுரைக்கு வந்த வண்டியைத் தேடி எந்த எச்சரிக்கைக் கடிதமும் வராது. அன்போடு கொடுத்த பொருள் என்பதாலேயே யாரும் அதைச் சோதித்துப் பார்ப்பதும் இல்லை.

ஆபத்து முன்சக்கரத்தோடு முடிந்துவிடவும் இல்லை. 2022 ஜூலையில் அப்பாபேபி நிறுவனம் ‘ரிட்ஜ்’ என்ற மூன்று சக்கர ஜாகிங் ஸ்ட்ரோலரில் சுமார் 14,400 வண்டிகளைத் திரும்பப் பெற அறிவிப்பு வந்தது. பின்சக்கரத்து டிஸ்க் பிரேக்கில் இருந்த துளைக்குள் விரலை விட்ட ஒரு குழந்தையின் விரல் நுனி துண்டானது. அந்தக் குழந்தை வண்டியில் உட்கார்ந்திருக்கக்கூட இல்லை. துளையில்லாத புது டிஸ்க்கை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. முறையாகத் திரும்பப் பெற்றால் தீர்வு எவ்வளவு எளிது என்பதற்கு இதுவே சான்று.

நன்றாக உருளும் சக்கரம் நின்ற இடத்திலும் உருளும். 2009 அக்டோபரில் மெல்பர்னின் ஆஷ்பர்ட்டன் ரயில் நிலையத்தில், தாய் ஒரு கணம் கையை எடுக்க, குழந்தையோடு வண்டி தண்டவாளத்தில் விழுந்து வந்துகொண்டிருந்த ரயிலில் மோதியது. ஆறு மாதக் குழந்தை நெற்றி வீக்கத்தோடு தப்பியது அதிசயம். 2013இல் லண்டனுக்குத் தெற்கே வைட்லீஃப் நிலையத்திலும் ஒரு வண்டி பிளாட்பாரத்திலிருந்து உருண்டு விழுந்தது. பிளாட்பாரம் தண்டவாளத்தை நோக்கிச் சரிந்திருந்ததை விசாரணை சுட்டிக்காட்டியது. பிரேக் லீவர் சிவப்பு நிறத்தில் இருக்க வேண்டும், தள்ளுகிறவரின் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளப் பட்டை வேண்டும் என்று ஆஸ்திரேலியா 2008 ஜூலை முதல் சட்டமாக்கியிருக்கிறது. இரண்டும் செலவு பிடிக்காத சங்கதிகள். எல்லா நாட்டுக்கும் பொருந்துபவை.

அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரை, ஸ்ட்ரோலராலும் குழந்தையைத் தூக்கிச் செல்லும் கேரியராலும் அடிபட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த ஐந்து வயது வரையிலான பிள்ளைகள் ஏறத்தாழ 3,61,000 பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. மணிக்கு இரண்டு குழந்தைகள். பெரும்பாலும் வண்டியிலிருந்து விழுந்தவை, வண்டியோடு கவிழ்ந்தவை.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் கடைக்குள் நுழைவதற்கு முன்பே தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாம் ஓடப்போகிறோமா, நடக்கப்போகிறோமா? மூன்று சக்கரம் இருப்பதெல்லாம் ஓடுவதற்கான வண்டி அல்ல. தோற்றம் அப்படி இருக்கும். ஓடக்கூடாது என்று வழிகாட்டிப் புத்தகத்தின் உள்பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஓடுவதானால் முன்சக்கரம் திரும்பாதபடி பூட்டும் வசதியும் கைப்பிரேக்கும் மணிக்கட்டுப் பட்டையும் இருந்தே ஆக வேண்டும். பூட்டாத முன்சக்கரம் வேகத்தில் வெடவெடத்து வண்டியைத் திசைமாற்றும். கழுத்து நிற்காத குழந்தையை வைத்து ஓடக்கூடாது. ஆறு மாதமாவது ஆகட்டும், மருத்துவரையும் கேளுங்கள். நடக்க மட்டும்தான் என்றால், சக்கரத்தைச் சட்டென்று கழற்றும் லீவரே உங்களுக்குத் தேவையில்லை.

கடையில் வெறும் வண்டியை உருட்டிப் பார்த்து வாங்காதீர்கள். குழந்தையின் எடைக்கு ஒரு பையை வைத்து, பெல்ட் போட்டு, திருப்பிப் பாருங்கள். திருப்பத்தில் ஆட்டோ எந்தப் பக்கம் சாயும் என்று நமக்குத் தெரியும். முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள எந்த வண்டிக்கும் அதே குணம்தான். பெல்ட் இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே என்று ஐந்து முனையில் பிடிக்க வேண்டும். கைப்பிடியில் காய்கறிப் பையைத் தொங்கவிட்டால் குழந்தையைத் தூக்கிய மறுகணம் வண்டி மல்லாந்துவிடும். முன்சக்கரத்தை மாட்டியதும் வண்டியின் மூக்கைத் தூக்கி, சக்கரத்தில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டுங்கள். தினமும், புறப்படும் முன்பு. பழைய வண்டி என்றால், அடிச்சட்டத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் தயாரித்த தேதியும் மாடல் எண்ணும் பார்த்து, அமெரிக்க ஆணையத்தின் இணையதளத்தில் தேடிவிட்டு வாங்குங்கள். மேலே சொன்ன சமரசம் 2015 செப்டம்பர் இறுதிக்கு முன் தயாரான பாப் வண்டிகளைப் பற்றியது. லேபிள் கிழிந்திருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இதையெல்லாம் பெற்றோர் செய்யத்தான் வேண்டும். ஆனால் பெற்றோர் மட்டுமே செய்யும்படி விடுவது அநீதி. எந்தக் கை எப்படி மாட்டினாலும் முன்சக்கரம் கழலாதபடி இரண்டாவது பிடிப்பு ஒன்று கட்டாயமாக வேண்டும். லீவரைத் தவறாகப் பூட்டியும் சோதித்துப் பார்த்த பிறகே விற்க அனுமதிக்க வேண்டும். காயம் பட்ட புகார் குவிந்தால் நிறுவனம் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் தானே மாற்றுப் பாகத்தை அனுப்ப வேண்டும். பழைய பொருள் விற்கும் தளங்கள், ஆபத்தானவை என்று அறிவிக்கப்பட்ட மாடல்களைத் தாமே தடுக்க வேண்டும். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் பிஐஎஸ் முத்திரையைக் கட்டாயமாக்கிய இந்தியா, குழந்தையே ஏறி உட்காரும் வண்டியிலும் அதே கண்டிப்பைக் காட்ட வேண்டும். வெளிநாட்டு எச்சரிக்கைகளை இங்குள்ள கடைகளுக்கும் வீடுகளுக்கும் சேர்ப்பிக்க வேண்டும். அமெரிக்க ஆணையத்தில் காலியான நாற்காலிகள் நிரப்பப்பட வேண்டும் என்று அங்கு வாழும் தமிழர்கள் தங்கள் தொகுதி உறுப்பினர்களுக்கு எழுத வேண்டும். ஒரு குழந்தையின் மரணத்துக்குப் பிறகுதான் தொட்டிலுக்குச் சட்டம் வந்தது. குழந்தை வண்டிக்கும் அந்த விலையைக் கொடுத்துவிட்டுத்தான் விழித்துக்கொள்வோம் என்று எந்த அரசும் இருந்துவிடக் கூடாது.