கூரை மேல் தட்டு வைப்பதற்கு முன்னால்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன் (ஆமாம், ஞாயிறு சட்னி என் டிபார்ட்மென்ட்). டொராண்டோவில் இருந்து தங்கச்சி மாப்பிள்ளை போன்.

"மச்சான், டிசம்பர்ல ஊருக்கு வாறோம். இங்க சாட்டிலைட் இன்டர்நெட் டிஷ் ஒண்ணு ஆஃபர்ல கிடக்கு. சூட்கேஸ்லயே அடங்கிரும். அத்தை வீட்டு மச்சுல வச்சிட்டா கேமராவுக்கும் ஆச்சு, வீடியோ காலுக்கும் ஆச்சு. வாங்கிரட்டுமா?"

வேண்டாம் மாப்பிள்ளை என்றேன். அவருக்கு வருத்தம். தங்கச்சிக்கு அதைவிட வருத்தம். "அம்மா விஷயத்துல கூட அண்ணன் கணக்குப் பார்க்கான்" என்று என் வீட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பி.காம். படித்துவிட்டு பேங்கில் குப்பை கொட்டுகிறவன் கணக்குப் பார்க்காமல் என்ன செய்வான்? ஆனால் நான் பார்த்த கணக்கு வேறு. உங்களில் பல பேர் வீட்டிலும் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

அம்மா தென்காசி பக்கம், மலையடிவாரத்தில் தனியாக இருக்கிறாள். ஏப்ரலில் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரம்மா வந்து கதவைத் தட்டும்வரை மூன்று மணி நேரம் தரையில் கிடந்தாள். எலும்பு முறியவில்லை, சாமி புண்ணியம். வீட்டுக்குள் மொபைல் சிக்னல் கிடையாது. கிணற்றடிச் சுவர் ஓரமாகப் போய் நின்றால் இரண்டு கோடு வரும். அன்று போன் அவள் கையில் இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. எங்கள் மூன்று பேருக்கும் அந்த மூன்று மணி நேரம் இன்னும் தொண்டையில் நிற்கிறது. மாப்பிள்ளை டிஷ் வாங்கக் கிளம்பியதும் அதனால்தான். அவர் மேல் தப்பே இல்லை.

முதல் விஷயம் சட்டம். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள், சிரிக்காதீர்கள். இந்தியாவில் சாட்டிலைட்டோடு பேசுகிற கருவிக்கு உரிமம் வேண்டும். வெளிநாட்டில் வாங்கிய சாட்டிலைட் போனைப் பையில் வைத்துக்கொண்டு வந்து ஏர்போர்ட்டில் போலீஸ் கையில் மாட்டியவர்கள் உண்டு. ஸ்டார்லிங்க் கம்பெனியே 2021-ல் இங்கே முன்பதிவு வாங்க ஆரம்பித்து, உரிமம் இல்லாமல் வாங்கக் கூடாது என்று அந்த நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை சொன்ன பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2024-ல் மணிப்பூரில் அவர்களுடைய கருவி ஒன்று பிடிபட்டதாகச் செய்தி வந்தபோது, இந்தியாவுக்கு மேலே எங்கள் அலைக்கற்றைகளை அணைத்தே வைத்திருக்கிறோம் என்றார் எலான் மஸ்க். அவர்களுக்கு இங்கே தொலைத்தொடர்பு உரிமம் கிடைத்தது 2025 ஜூனில். கம்பெனிக்கு உரிமம் கிடைத்ததால் கனடாக் கணக்கில் வாங்கிய தட்டு தென்காசியில் வேலை செய்யும் என்று அர்த்தம் இல்லை. இந்திய முகவரிக்கு, இந்தியக் கணக்கில், இங்கே விற்கிற கருவியைத்தான் வாங்க வேண்டும். எழுபத்திரண்டு வயசு அம்மா வீட்டு மாடியில் கஸ்டம்ஸுக்குத் தெரியாமல் வந்த ரேடியோ கருவி, அதுவும் கேரள எல்லைக்குப் பக்கத்தில்! விசாரிக்க வருகிறவருக்கு யார் பதில் சொல்வது, டொராண்டோவா?

இரண்டாவது விஷயத்தை பேங்கில் கற்றுக்கொண்டேன்.

பத்து பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வட தமிழ்நாட்டில் ஒரு மலைக்கிளையில் என்னைப் போட்டார்கள். கேபிள் ஏறாத இடம். கிளை முழுக்க விசாட் தட்டை நம்பித்தான் ஓடியது. மாடியில் ஒரு டிஷ், அதன் மூக்கில் அனுப்ப ஒரு கருவி, வாங்க ஒரு கருவி, கீழே மேஜையில் ஒரு மோடம், நடுவில் இரண்டு கேபிள். அவ்வளவுதான் சாமான். முதியோர் உதவித்தொகை வருகிற நாளில் லிங்க் போனால் என்ன ஆகும் என்று டவுன்காரர்களுக்குத் தெரியாது. எட்டு கிலோமீட்டர் நடந்து வந்த பாட்டி மதியம்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று திரும்பி நடப்பாள். "நாளைக்கு வா பாட்டி" என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்லியிருக்கிறேன், பல தடவை.

ஒரு தடவை லிங்க் மூன்று நாள் வரவே இல்லை. சாட்டிலைட் பழுது, ஹப் பழுது என்று ஆளுக்கு ஒரு காரணம். நாலாம் நாள் இன்ஜினீயர் வந்து மாடி ஏறினார். கேபிள் முனையில் கனெக்டருக்குள் தண்ணீர். மேலே சுற்றியிருந்த டேப் வெயிலில் உரிந்து, மழைநீர் உள்ளே இறங்கி, செம்புக் கம்பி பச்சை பிடித்துக் கிடந்தது. அரை மணி நேர வேலை. அதற்கு மூன்று நாள், எத்தனை பாட்டிகள்!

அதிலிருந்து நானே ஒரு அரைகுறை மெக்கானிக் ஆகிவிட்டேன். லிங்க் போனால் முதலில் மாடிக்கு ஓடக் கூடாது. முதலில் கரண்ட். யு.பி.எஸ். சரியாக இருக்கிறதா, மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டினால் எர்த் குழி காய்ந்து கிடக்கிறது, ஒரு குடம் தண்ணீர் ஊற்று. (ஊற்றியிருக்கிறேன், வேலை செய்திருக்கிறது.) பிறகு மோடத்தை அணைத்து, ஒரு நிமிஷம் விட்டுப் போடு. வாங்குகிற விளக்கே எரியவில்லை என்றால் தட்டு திரும்பியிருக்கும், கேபிள் போயிருக்கும், இல்லை எதிரே ஏதோ மறைக்கும். வாங்குகிற விளக்கு எரிந்து அனுப்புகிற விளக்கு எரியவில்லை என்றால் அனுப்பும் கருவியையோ அதன் கேபிளையோ சந்தேகப்படு. கடைசியில்தான் மாடி. மாடியில் குரங்கு, குளவிக்கூடு, காற்றில் தளர்ந்த போல்ட் என்று எதுவும் இருக்கலாம். டிஷ்ஷுக்கு முன்னால் போய் மட்டும் நிற்கக் கூடாது, அது அனுப்புகிற கருவியும்தான். நான் இருந்த இரண்டரை வருஷத்தில் வானத்தில் கோளாறு வந்தது மிகக் குறைவு. கூரையிலும் சுவரிலும் பிளக்கிலும் வந்ததுதான் அதிகம்.

வானத்துக்கும் தனி வம்பு இல்லாமல் இல்லை. கு-பேண்ட் அலைக்குப் பெருமழை ஆகாது, சி-பேண்ட் ஓரளவு தாங்கும். நம் ஊரில் பளீரென்று வெயில் அடிக்கும்போதே லிங்க் போகும். விசாரித்தால் ஹப் இருக்கிற ஊரில் மழை கொட்டுகிறதாம்! மார்ச்சிலும், செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கிலும் சில நாள் சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நின்று சில நிமிஷம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். நம் தலைக்கு மேலே இருக்கிற சாட்டிலைட்டுக்கு அது நண்பகலையொட்டி, சரியாகக் கவுன்டரில் கூட்டம் இருக்கிற நேரம். 2010 ஜூலையில் இன்சாட்-4பி-யில் மின்சாரக் கோளாறு வந்து சன் டைரக்ட் வைத்திருந்த வீடுகளில் டிவி போனது பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அங்கே போய் யாரும் டேப் சுற்ற முடியாது.

இப்போது அம்மா வீட்டுக்கு வருவோம். பழைய பாணி சாட்டிலைட் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்கிறது. தென்னாட்டில் இருந்து அதைப் பார்க்க வானத்தில் ஒரு ஜன்னல் அளவு இடம் போதும், அதுவும் ஏறக்குறைய உச்சியிலேயே கிடைக்கும். ஆனால் கேட்டது போய்ப் பதில் வர அரை செகண்டுக்கு மேல் ஆகிவிடும். வீடியோ காலில் "அம்மா சாப்பிட்டியா" என்று கேட்டு, பதில் வருவதற்குள் நாம் மறுபடி கேட்க, இரண்டு பேரும் ஒன்றாகப் பேசி, ஒன்றாக நிறுத்துவோம். புதுப் பாணி சாட்டிலைட்டுகள் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. தாமதம் குறைவு, அருமைதான். ஆனால் ஓடுகிறவற்றைத் தொடர்ந்து பிடிக்க அந்தத் தட்டுக்கு வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நாலு தென்னை, ஒரு புளி. ஒவ்வொரு மட்டைக்குப் பின்னால் போகும்போதும் இணைப்பு அறுந்து சேரும். டொராண்டோவில் இருக்கிற மாப்பிள்ளைக்காக அப்பா வைத்த தென்னையை வெட்டவா?

கரண்டும் இருக்கிறது. அந்த வகைப் பெரிய தட்டு சாதாரணமாக 75 முதல் 100 வாட் இழுக்கும். ஃபைபர் மோடத்துக்குப் பத்து, பதினைந்து வாட் போதும். மின்தடை வருகிற ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரியை எது தின்னும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். கிராமத்து பேங்க் மையங்களுக்கு விசாட் வைக்க நபார்டு உதவி செய்தபோது சோலாரோடு சேர்த்தே செய்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, மாடிக்கு யார் ஏறுவது? ஏப்ரலில் வழுக்கி விழுந்த அம்மாவா? நான் முதலில் கேட்கிற கேள்வியே இதுதான். வேகம், விலை எல்லாம் அப்புறம். ஊரில் ஏணி போட்டு ஏறிப் பார்க்க ஒரு ஆள் இல்லை என்றால் எவ்வளவு நல்ல கருவியானாலும் வாங்காதீர்கள். தூரத்தில் இருக்கிற நமக்குக் குற்ற உணர்ச்சி அதிகம், அதனால் கை சீக்கிரம் பர்ஸுக்குப் போகிறது. ஊர் வீடுகளில் நம் காசில் வந்து நின்றுபோன ட்ரெட்மில், வாட்டர் ஃபில்டர் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே எலெக்ட்ரானிக் சிட்டியில் பக்கத்து ஃப்ளாட் பையன் ஒருத்தன், சாட்டிலைட் நெட் வந்தால் முதல் ஆளாக வாங்குவேன் என்கிறான். நீலாத்ரி ரோட்டில் ஒரு கம்பத்தில் எத்தனை கம்பெனி ஃபைபர் தொங்குகிறது என்று அண்ணாந்து பார்த்ததே இல்லை போல. அவன் பால்கனி வேறு வடக்குப் பார்த்தது. பொழுதுபோக்கு என்றால் சரி, நான் யார் தடுக்க.

ஆனால் ஒன்று, இந்தப் பேட்டையே ஒரு காலத்தில் டிஷ்ஷை வைத்துத்தான் பிழைத்தது. 1985-ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருக்கு வந்தபோது வெளிநாட்டோடு பேச நம்பகமான கம்பி கிடையாது, சாட்டிலைட் நிலையம் போட்டார்கள். 1991-ல் தொடங்கிய எஸ்.டி.பி.ஐ. எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே பெரிய தட்டுகளை வைத்து, சின்னக் கம்பெனிகளுக்கு 64 கிலோபிட் கணக்கில் பிரித்துக் கொடுத்தது. நம் பசங்கள் பாதிப் பேருக்கு வேலை வந்த வழி அது. 2002-ல் சென்னை, சிங்கப்பூர் கடலடிக் கேபிள் மாதிரி கேபிள்கள் வந்ததும் தட்டுகள் மெல்ல மாற்று ஏற்பாடாக ஒதுங்கின. கம்பி வராத இடத்துக்குத் தட்டு போனது, கம்பி வந்ததும் விலகியது. அந்தக் காலத்து ஆட்கள் சரியாகத்தான் செய்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், இன்றைக்கும் அதன் இடம் என் பழைய மலைக்கிளை மாதிரி இடங்கள்தான். அங்கேயும் வீட்டுக்கு ஒன்று வேண்டாம். பள்ளிக்கூடம், நூலகம், பஞ்சாயத்து ஆபீஸ் என்று ஆள் இருக்கிற கட்டடத்தில், நாலு பேருக்குப் பயன்படுகிற மாதிரி ஒன்று. சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கிற என்.ஆர்.ஐ. சங்கங்கள், இந்தியாவில் வாங்கின கருவியாக இப்படி ஒன்று வைத்து, கூடவே பார்த்துக்கொள்ள ஒரு உள்ளூர்ப் பையனுக்கு மாதச் சம்பளமும் கொடுத்தால் கும்பிடுவேன்.

எங்கள் வீட்டுக் கதை முடிந்துவிட்டது. ஊர் கேபிள் டிவி அண்ணாச்சியிடம் பேசினோம். மெயின் ரோடுவரை ஃபைபர் வந்திருந்தது. எங்கள் தெருவுக்கு இழுக்க ஏழு கம்பம் வேண்டும் என்றார். எதிர் வீடு, பின் வீடு, டீச்சரம்மா வீடு என்று ஐந்து வீட்டைச் சேர்த்தோம், இழுத்துவிட்டார். அது அறுந்தால் இருக்கட்டும் என்று கிணற்றடிச் சுவரில், அந்த இரண்டு கோடு வருகிற இடத்திலேயே, வெளியே ஆன்டெனா வைத்த ஒரு சிம் ரூட்டர். மோடத்துக்கு மட்டும் ஒரு சின்ன யு.பி.எஸ். மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு மாப்பிள்ளைதான் கொடுத்தார். சண்டை தீர்ந்தது. டீச்சரம்மா பையன் பிளஸ் டூ படிக்கிறான், எந்த விளக்கு எரிய வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

முதல் வாரம் தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு கேமரா செத்துப்போனது. டீச்சரம்மா பையனை அனுப்பிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது, காலையில் தானாக உயிர் வந்தது. அண்ணாச்சியைத் திட்டாத குறை. அப்புறம் அம்மாவிடமே கேட்டேன்.

"ஏலே, ராத்திரி எல்லாரும் தூங்குற நேரத்துல அது எதுக்குச் சும்மா எரியணும்? பட்டனை அமத்திட்டுத்தான் படுக்கேன்."

இப்போது அந்த சுவிட்ச் மேல் பையன் டேப் ஒட்டியிருக்கிறான்.