எத்தனை முட்டை?

கள்ளக்குறிச்சியில் ஓர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தபோது, காய்ச்சல் என்று லீவ் லெட்டர் எழுதினேன்: 'ஐ ஆம் லேயிங் இன் பெட்.'

மேனேஜர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எத்தனை முட்டைப்பா?"

ஆபீசே சிரித்தது. அதற்கப்புறம் இங்கிலீஷில் எழுதவே பயம். இன்கிரிமெண்ட் கேட்டு எழுத வேண்டிய லெட்டரைக்கூடத் தள்ளிப் போட்டேன்.

ஒருநாள் வெள்ளிமலை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என் பழைய தமிழய்யா! விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

"தன்வினை, பிறவினை மறந்துட்டியா தம்பி? கல்வராயன் மலையில மழை பெஞ்சா கோமுகி அணையில தண்ணி தானா உயருது. அது 'ரைஸ்'. ஷட்டரை ஒருத்தர் உயர்த்துறாரு. அது 'ரெய்ஸ்'. நீ படுத்துக் கிடந்தா 'லை'. ஃபைலை மேஜை மேல வெச்சா 'லே'. கோழி முட்டையிட்டாலும் 'லே'தான். 'எதை?'ன்னு கேளு. பதில் வந்தா ரெய்ஸ், லே. வரலைன்னா ரைஸ், லை."

ஒரே ஒரு வில்லங்கம். 'நேற்று படுத்துக் கிடந்தேன்' என்றாலும் 'லே'தான்! 'நேற்று வைத்தேன்' என்றால் 'லெய்டு'. இதில் வெள்ளைக்காரனே தடுக்கி விழுகிறான். நமக்கென்ன வெட்கம்?

மறுநாளே இன்கிரிமெண்ட் லெட்டரை நீட்டினேன்.

"தப்பே இல்லையேப்பா!" என்றார் மேனேஜர்.

சம்பளம்?

அது தானாக 'ரைஸ்' ஆகிற சாதி இல்லை, சார். அவரல்லவா 'ரெய்ஸ்' பண்ணணும்!