அட்டை வேறு, தடுப்பூசி வேறு

மாட்டுப்பட்டித் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களில் பலருக்குத் தாய்வீடு போடி, தேனிப் பக்கம். பிரசவத்துக்கு அங்கே போனால் குழந்தைக்கு முதல் ஊசி அங்கே போடப்படுகிறது. வேலைக்குத் திரும்பியதும், 'காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டுடையது. இங்கே ஊசி போடுவார்களா?' என்ற தயக்கம் எழுவது இயல்பு. தயக்கத்துக்கு இடமே இல்லை.

காப்பீடு, ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெறுவதற்கு. 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருவதும் அதற்கே. தடுப்பூசியோ 1985 முதல் நடந்துவரும் தேசியத் திட்டத்தில் அரசு நிலையங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசம். ரேஷன் கார்டோ வருமானச் சான்றோ அல்ல, வயதே தகுதி. 6, 10, 14 வாரங்கள், 9 மாதம், ஒன்றரை வயது, 5 வயது ஆகியவை முக்கியத் தவணைகள். ஒரு தவணை தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அலட்சியம் ஆபத்தானது. கல்வியில் முன்னேறிய கேரளத்திலேயே, 2016இல் மலப்புரம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் நோய் தலைதூக்கியது.

உண்மையான தடை வேறு. ஊசிக்காக ஒரு நாள் போனால் அன்றைய கூலி போகிறது. மருத்துவ வசதி செய்து தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று 1951ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்தது. எனவே தடுப்பூசி முகாம் தோட்டத்திலேயே நடக்க வேண்டும். அறிவிப்பு தமிழிலும் இருக்க வேண்டும். தாய்மார்களும் ஊரிலிருந்து திரும்பும்போது தடுப்பூசி அட்டையை மறவாமல் கொண்டுவருவது நல்லது.