திரையும் வேண்டும், ஆசிரியரும் வேண்டும்!

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சுவரிலே திரை ஏறியிருக்கிறது. 2024-ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறைகளும், ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகளும் வந்தன. கட்டணப் பள்ளிகளில் பணம் படைத்தோர் வீட்டுப் பிள்ளைகள் கண்டு வந்த வீடியோ பாடத்தை, நாற்று நடுபவரின் மகளும் நூற்பாலைத் தொழிலாளியின் மகனும் காண்கிறார்கள். இதை நாம் மனமார வரவேற்கிறோம். விஞ்ஞானத்தின் பலன் எதுவானாலும் அது உழைப்பவன் வீட்டு வாசலுக்கு வந்தே தீர வேண்டும்.

வரவேற்பதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. இந்தத் திரை எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது, எதற்கு இதைச் சாக்காக்கப் பார்ப்பார்கள் என்ற மூன்றையும் உழைக்கும் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

விதை முளைக்க நாலைந்து நாள் ஆகும். மண்ணுக்குள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. வீடியோ அதை ஒரே நிமிஷத்தில் காட்டிவிடுகிறது. இருதயம் சுருங்கி விரிவதையும், மூச்சு விடத் திமிங்கிலம் கடலின் மேலே வருவதையும் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியாது. இங்கே திரைக்கு ஈடு கிடையாது.

ஆனால் படத்தை ஓடவிட்டால் மட்டும் பாடம் நடந்துவிடாது. நல்ல ஆசிரியர் முதல் நாளே படத்தைப் பார்த்து வைக்கிறார். வகுப்பில் ஐந்து நிமிஷம் காட்டுகிறார், நடுவிலே நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்கிறார். புரியாத இடத்தைத் திரும்பக் காட்டுகிறார். பிறகு திரையை அணைத்துவிட்டு, கொட்டாங்கச்சியில் மண் நிரப்பி அவரை விதை போடச் சொல்கிறார். கண்ணால் கண்டதைக் கையால் செய்யும்போதுதான் அது குழந்தையின் சொந்த அறிவாகிறது. பென்சில் பிடிக்கும் விரலைத் திருத்தவும், 'ழ' வராத நாவைப் பழக்கவும், பசியால் சோர்ந்த முகத்தைக் கண்டுகொள்ளவும் மனிதர் வேண்டும். திரை பேசும், பிள்ளை சொல்வதைக் கேட்காது.

இது புதிய சோதனையும் அல்ல. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் நிகழ்ச்சிகள் வந்தன. காலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நிகழ்ச்சி உண்டு. ஓராண்டு முடிந்தது, இரவல் கோள் போயிற்று, சோதனையும் நின்றது.

நம் அனுபவமும் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது அதன் வழியே பாடம் வந்தது. தொடக்க வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. இடையிலே பத்தொன்பது மாதங்கள்! எத்தனையோ குடிசைகளில் இருந்தது ஒரே கைபேசி; அதுவும் வேலைக்குப் போகும் தகப்பனாரின் சட்டைப்பையில். பள்ளி திறந்தபோது, படித்த எழுத்தையே மறந்து வந்த பிள்ளைகள் ஏராளம். அந்தப் பள்ளத்தை நிரப்ப 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைத் தெருத் தெருவாக அனுப்ப வேண்டி வந்தது. திரை எட்டாத இடத்தை மனிதர்களே எட்டினார்கள்.

ஆலைத் தொழிலாளிக்கு இது புரியாத கதையல்ல. புது யந்திரம் வந்தால் வேலை சுலபமாக வேண்டும். முதலாளி செய்வதென்ன? ஆளைக் குறைத்து, மிஞ்சியவன் தலையில் இரட்டைச் சுமை ஏற்றுகிறான். குற்றம் யந்திரத்தினுடையது அல்ல. பள்ளியிலும் இதே சூது நடக்க விடக்கூடாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். ஆனாலும் ஓராசிரியர் பள்ளிகள் ஒழிந்தபாடில்லை. ஐந்து வகுப்பையும் ஒருவரே சுமக்கும் இடத்தில், நாலு வகுப்பைத் திரைமுன் உட்கார வைப்பதற்குப் பெயர் கல்வியல்ல, காவல்!

பணமில்லை என்பார்கள். தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று 1966-லேயே கோத்தாரி கமிஷன் சொன்னது. அதை எட்டாத மத்திய அரசு, பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25-ஆம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. இது ஏழைப் பிள்ளைகளின் பணம்.

எனவே நாம் கோருவது:

1. எந்தத் தொடக்கப் பள்ளியிலும் இரண்டு ஆசிரியருக்குக் குறையக் கூடாது. காலியிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்ப வேண்டும்.

2. மின்சாரம், இணையம், பழுதுபார்ப்பு ஆகியவற்றின் செலவு ஆசிரியரின் பையிலிருந்து போகாமல் அரசே ஏற்க வேண்டும்.

3. பாடப் படங்களை நம் ஆசிரியர்களே தயாரிக்க வேண்டும். வயலும் தறியும் மீன்பிடி வலையும் அவற்றிலே இடம்பெற வேண்டும். கம்பெனி விளம்பரம் வகுப்பறைக்குள் நுழையக் கூடாது.

தோழர்களே! பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடம் பெற்றோருக்கு, பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டமே சொல்கிறது. ஒரு நாள் கூலி போனாலும் அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். திரை எரிகிறதா, எத்தனை ஆசிரியர் இருக்கிறார்கள், பிள்ளை வாசிக்கிறதா என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் கிராம சபையில் எழுப்புங்கள், சங்கத்தில் பேசுங்கள்.

திரை ஆசிரியரின் கையிலே கருவியாக இருக்கட்டும். அவருடைய நாற்காலியில் அதை உட்கார வைக்க நாம் சம்மதியோம்!