வைரம் மங்குவது ஏன்?

நவராத்திரிக்கும் திருமணத்திற்கும் வங்கிப் பெட்டகத்திலிருந்து எடுக்கப்படும் பழைய வைரத்தோடு, சில சமயம் ஒளியிழந்து தோன்றும். கல் பழுதுபட்டுவிட்டதோ என்று இல்லத்தார் கலங்குவர். பெரும்பாலும் குறை கல்லில் இல்லை. அதன்மேல் படிந்த எண்ணெயில் இருக்கிறது.

வைரம் நீரை ஒட்டவிடாது. எண்ணெய்ப் பசையையோ எளிதில் பற்றிக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லிச் சுரங்கங்களில், கொழுப்புப் பூசிய மேசைமீது பாறைத்துகளை நீருடன் ஓடவிட்டு வைரத்தைப் பிரித்தெடுத்ததும் இப்பண்பைக் கொண்டே. தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் மஞ்சளும் சந்தனமும் கல்லின் பின்புறம் படிந்தால், உட்புகுந்த ஒளி முழுமையாகத் திரும்பி வராது.

பின்புறம் திறந்த கட்டு நகையாயின், வெதுவெதுப்பான நீரில் பூந்திக்கொட்டைச் சாறோ மென்மையான சோப்போ சிறிது கலந்து, கால் மணி நேரம் ஊறவைத்து, குழந்தைகளின் டூத்பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தல் வேண்டும். அலசுவதும் கிண்ணத்திலேயே நிகழட்டும். குழாயடியில் கழன்று வீழும் கல் மீளாது.

மூடிய கட்டு நகைகளிலும் முத்து, மரகதம் பதித்தவற்றிலும் ஈரம் புகலாகாது. மெல்லிய துணியால் துடைத்தலே போதும். பிளீச்சிங் பவுடர் தங்கக் கலவையை அரிக்கும். வைரத்தை வைரமே கீறுமாதலால், ஒவ்வொரு நகையையும் தனித்தனித் துணிப்பையில் வைத்தல் நன்று.

வைரம் கடினமானது, அதைத் தாங்கும் தங்கமோ மென்மையானது. ஆண்டுக்கு ஒருமுறை பொற்கொல்லரிடம் காட்டிப் பிடிகளை இறுக்கிக்கொள்வதே, முன்னோர் அளித்த கல்லை அடுத்த தலைமுறைக்குக் காத்தளிக்கும் வழி.