செத்தது என்று யார் சொல்வது?

கோ ஆட்டத்தில் எனக்கு ஆகாத ஒரு வாக்கியம் உண்டு: "அது செத்துப் போச்சு, எடுத்துப் போடு."

ஆட்டம் தெரியாத அன்பர்களுக்கு இரண்டு வார்த்தை. சீனாவில் பிறந்து ஜப்பானில் செழித்தது இது. பிரெஞ்சில் படித்த என் போன்றவர்களுக்கு, 1969இல் ழோர்ழ் பெரெக் தம் நண்பர் இருவருடன் எழுதிய நூல் அதன் வாசலைத் திறந்தது. நெடுக்கே 19 கோடு, குறுக்கே 19 கோடு, மொத்தம் 361 சந்திகள். வைத்த காய் நகராது. ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகள் புலியை மடக்குவது போல, சுற்றி அடைபட்ட காய்கள் பிடிபடும். ஒரு கூட்டத்துக்குள் தனித்தனியாக இரண்டு வெற்றிடம் இருந்தால் அதைப் பிடிக்க முடியாது. அவற்றைக் கண் என்பார்கள். இரண்டு கண் இருந்தால் உயிர்.

சிக்கல் கடைசியில்தான். இன்னும் பிடிபடாத, ஆனால் தப்பாது என்று தோன்றுகிற காய்களை, பிடித்துக் காட்டாமலே செத்ததாகக் கணக்கெழுதி அகற்றுகிறார்கள். இருவரும் மனமார ஒத்துக்கொண்டால் சரி. புதிதாக ஆட வந்தவனிடம் மூத்த ஆட்டக்காரர் அதட்டி எடுப்பது எந்த ஊர் நியாயம்?

"பிடித்துக் காட்டினால் எனக்கு நஷ்டம்" என்பது அவர் வாதம். ஜப்பானியக் கணக்கில் அது உண்மை. அங்கே காலி இடமும் பிடித்த காயும்தான் புள்ளி. என் இடத்தில் நானே ஒரு காய் வைத்து, எதிராளி ஆடாமல் விட்டால், எனக்கு ஒரு புள்ளி போயிற்று. ஆகவே ஆடாமலே தீர்ப்புச் சொல்ல விதிகள் வேண்டியிருந்தன.

தீர்ப்புகளின் லட்சணம் பாருங்கள். 1948இல் கோ செய்கென், இவாமோட்டோ என்ற இரு மேதைகள் ஆடிய ஆட்டத்தில் எண்ணிக்கைத் தகராறு வந்து, "வெள்ளைக்கு 1 அல்லது 2 புள்ளியில் வெற்றி" என்று முடிவு எழுதினார்கள். இப்படி ஒரு கணக்கை எழுதிக் கொண்டுபோயிருந்தால் என் மேலதிகாரி ஃபைலை முகத்தில் எறிந்திருப்பார்! 1949இல் விதிகளை எழுத்தில் வைத்தபோது, மூலையில் வளைந்த நான்கு காய் வடிவம் செத்ததே என்று ஒரே போடாகப் போட்டார்கள். 1989இல் திருத்தி, "ஆட்டம் முடிந்தபின் கற்பனையாக ஆடிப் பார்க்கலாம்" என்றார்கள். அந்தக் கற்பனையில் வேறிடத்து மிரட்டல் செல்லாது. பலகையில் உண்மையாக ஆடியிருந்தால், அந்த மிரட்டலைக் கொண்டே சில கூட்டங்கள் பிழைத்திருக்கும். பலகையில் பிழைப்பது காகிதத்தில் சாகிறது.

சீனர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் கணக்கில் பலகையில் நிற்கும் காயும் புள்ளி. சொந்த இடத்தில் வைத்தாலும் நஷ்டமில்லை. சந்தேகமா, ஆடிப் பிடித்துவிடு. பிரெஞ்சுக்காரர்களும் நல்ல வழி வைத்திருக்கிறார்கள்: ஆடாமல் விடுகிறவர் எதிராளிக்கு ஒரு காய் கொடுக்க வேண்டும். நான் என் இடத்தில் வைத்து இழந்த புள்ளி அந்தக் காயாகத் திரும்பி வருகிறது. நஷ்டம் என்ற சாக்கு அங்கேயே முடிந்தது.

நேரம் வீணாகிறது என்பார்கள். நாலைந்து காய் வைக்க எவ்வளவு நேரம்?

நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியர்கள் நாம் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்கிறோம். கொடுக்க மறந்தால் பென்ஷன் நிற்கும். அதற்காக நம்மை இறந்தவர் என்று யாரும் பதிவேட்டில் எழுதிவிட முடியாது. அதற்கு மரணச் சான்றிதழ் வேண்டும். அதைக் கொண்டுவரும் பொறுப்பு, செத்தான் என்று சொல்கிறவனுடையது. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது அரிச்சுவடி.

கோ பலகைக்கும் இதுவே போதும். செத்தது என்கிறீர்களா, பிடித்துக் காட்டுங்கள். முடியாதென்றால் அந்தக் காய்கள் வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.